முதல் முகம்

மாதம் பிறந்து கேமரா மேல் வீட்டிலிருந்து கீழே இறங்கி வந்தால் பெரியவள் முதலில் பார்ப்பது பாட்டரியை. அது செத்துப்போயிருக்கும். தப்பித் தவறிக்கூட ஒரு தடவை பாதி உயிரோடு வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

"வேணும்னே பண்றா. பாட்டரி தீர்ற வரைக்கும் சும்மா சுவத்தைப் படம் எடுத்துட்டுத்தான் குடுத்தனுப்பறா," என்பாள் கணவனிடம்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் அலறுகிறவர்களை நாள் முழுக்கச் சமாதானம் செய்துவிட்டு வருகிறவன். வீட்டுக்கு வந்தபிறகும் இன்னொருத்தருடைய அலறலுக்குக் காது கொடுக்க முடியாது என்று என்றைக்கோ முடிவு செய்துவிட்டான். "சார்ஜ் போட்டுக்கோ," என்பான். அவ்வளவுதான்.

அந்தக் கேமரா அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கியது. நல்ல எண்ணத்தில்தான் வாங்கினார்கள், பாவம். அண்ணன் கீழ் வீடு, தம்பி மேல் வீடு, நடுவில் ஒரு மாடிப்படி. தம்பி ஒரு மாதம் உட்கார்ந்து இணையத்தில் இருக்கிற விமர்சனம் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டு வந்து, "தொழில்காரங்க கேமராவுக்கு ஒரு படிதான் கீழ. ஓடற நாயோட கண்ணைக்கூடப் பிடிச்சு வெச்சுக்கும்ணா," என்றான். கறுப்பு உடம்பு, தலையில் நாலைந்து சக்கரம், பக்கம் பக்கமாகப் போகும் மெனு. ஒரு மாதம் கீழே, ஒரு மாதம் மேலே என்று முறை வைத்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பிக்குள் அதில் ஒரு தகராறும் வரவில்லை. வந்ததெல்லாம் வீட்டுக்கு வந்த மருமகள்களுக்குள்தான்.

மூத்த மருமகள் பெரியவள், இளைய மருமகள் சின்னவள். தெருவில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். பெரியவளுக்கு ஒரு கூரியர் ஆபீஸ் கவுண்டரில் வேலை. பார்சலை எடை போட்டு, டேப் சுற்றி, 'உடையும் பொருள்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல மறுக்கிறவர்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது. சின்னவள் பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். காலையிலிருந்து சாயங்காலம் வரை தேன் தடவிய குரலில் "சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகி, வீட்டிலும் அதே குரலிலேயே விஷத்தைக் கக்கக் கற்றுக்கொண்டவள்.

சண்டையை அவர்கள் வாயால் போடவில்லை. கேமராவால் போட்டார்கள். கண் வைத்துப் பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு சக்கரம் இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் தங்கள் பார்வைக்கு ஏற்பத் திருகிக்கொள்வது. சின்னவள் தன் கண்ணுக்குத் திருகியதைத் திருப்பி வைக்காமலே கொடுப்பாள். பெரியவள் கண்ணை வைத்தால் உலகமே கலங்கித் தெரியும். ஒரு மாதம் மெனு முழுக்க யாருக்கும் வாயில் நுழையாத ஏதோ ஒரு பாஷைக்கு மாறி வந்தது. இன்னொரு மாதம் எடுத்த படமெல்லாம் கறுப்பு வெள்ளை.

பெரியவள் மட்டும் என்ன பச்சைப் பிள்ளையா? டைமரைப் போட்டு மேலே அனுப்பினாள். சின்னவள் பட்டனை அழுத்தினால் கேமரா பிப் பிப் என்று எண்ணிக்கொண்டே நிற்கும்; அதற்குள் அவள் பெண் ஊஞ்சலை விட்டு இறங்கித் தெருக்கோடிக்கே போயிருப்பாள். மாடியிலிருந்து "ஐயோ, சனியனே!" என்று சத்தம் கேட்கும்போது பெரியவளுக்கு வயிறு குளிர்ந்துவிடும்.

ஆனால் சின்னவளின் பெண் பிறந்தநாள் படங்களைப் பார்த்தபோது குளிர்ந்த வயிறு எரிய ஆரம்பித்தது. குடும்பம் மொத்தமும் கேக்கைச் சுற்றி நின்று எடுத்த படங்கள். எல்லாவற்றிலும் சின்னவள் மட்டும் பளிச். மூக்குத்திக் கல்லில் ட்யூப்லைட் தெரிகிறது. பக்கத்தில் நிற்கிற பெரியவளின் முகம் ஆறிப்போன கஞ்சி மாதிரி இருக்கிறது.

"எதேச்சையா ஒண்ணு ரெண்டு அப்படி விழலாம். எல்லாத்துலயுமா?" என்று கணவனைப் பிடித்தாள்.

"நீ ஆடியிருப்பே," என்றான் அவன்.

"நான் ஆடினேனா? எல்லாப் படத்துலயும் நான் மட்டும் ஆடிக்கிட்டே இருந்தேனா? எனக்கென்ன பேய் பிடிச்சிருக்கா?"

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

விடுகிற ஆளா அவள்? அந்த மாதக் கடைசியில் கேமராவை மேலே அனுப்புவதற்கு முன் ஆபீசுக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்த மாடல் வைத்திருப்பவர்கள் கூடிப் புலம்புகிற இணையக் குழுவுக்குள் நுழைந்தாள். அடேங்கப்பா! தன் வீட்டில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைத்திருந்தாள். ஒருவர் தன் பூனையின் முகத்தைப் பதிவு செய்ய முயன்று தோற்ற கதையை எழுதியிருந்தார். இன்னொருவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருந்தார்: 'தங்கை கல்யாணத்துக்கு எடுத்துப்போனேன். மணப்பெண் ஒரு படத்திலும் தெளிவாக இல்லை. எல்லாவற்றிலும் பின்வரிசையில் நிற்கும் என் மாமியார்தான் தெளிவாக இருக்கிறார். வாங்கின புதிதில் விளையாட்டாக அவர் முகத்தை முதலில் பதிந்து வைத்தது நான்தான்.' அதற்குக் கீழே நூறு பேர் சிரித்திருந்தார்கள். பெரியவளும் வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு மெனுவைத் திறந்தாள். முகப் பதிவு என்று ஒரு பக்கம். அதில் யார் முகத்தைப் பதிந்து முதலில் வைக்கிறோமோ, கூட்டத்தில் எங்கே நின்றாலும் கேமரா அந்த முகத்தைத் தேடிப் போய்க் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். முன்னாலோ பின்னாலோ நிற்கிற மற்றவர்கள் எக்கேடு கெட்டாலும் அதற்குக் கவலை இல்லை. முதல் முகம் சின்னவள். பல்லைக் காட்டிக்கொண்டு, தலைசாய்த்து.

"அடிப் பாவி!" என்றாள் பெரியவள், பார்சலோடு வந்து நின்றவர் திடுக்கிடுகிற அளவுக்கு.

அழிக்கவில்லை. அழித்தால் தெரிந்துவிடும். லென்ஸைத் தன் பக்கம் திருப்பி, கூரியர் ஆபீஸ் சட்டையோடு நேராக முறைத்துப் பார்த்துத் தன் முகத்தைப் பதிந்தாள். அதை முதலாவதாக ஏற்றினாள், சின்னவளை இரண்டாவதாகத் தள்ளினாள். 'இனிமே பார்க்கலாம்டி, யாரு கஞ்சின்னு.' அன்றைக்குச் சாயங்காலம் வாடிக்கையாளர்களிடம்கூடக் கொஞ்சம் மரியாதையாகப் பேசினாள். கேமராவைக் காலி பாட்டரியோடு மேலே அனுப்பினாள். அதோடு அதை மறந்தும் போனாள். ஏனென்றால் அந்த வாரத்திலேயே அவளைப் பெற்ற அம்மாவின் தாடையில் இருந்தது வெறும் வீக்கம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

அம்மா கீழ் வீட்டின் பின்னறையில் இருந்தாள். பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். ஹாஸ்டல் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சைரன். மூன்றாவது மாடியில் ஒருத்தி ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் கீழே கேட்டருகில் நின்றபடியே அவளை நடுங்க வைக்கிற வாய். ஓய்வுக்குப் பிறகு அந்த வாய்க்குத் தீனியாகக் கிடைத்தது மேல் வீடுதான். மேலே துணி துவைத்த தண்ணீர் கீழ்க் கொடியில் சொட்டினால் போதும், கேட்டுக்கு வெளியே போய் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சின்னவளை அர்ச்சனை செய்வாள். இந்த ஒரு விஷயத்தில் தாய்க்கும் மகளுக்கும் அப்படி ஒரு ஒற்றுமை.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கீழ்த்தாடையில பாதியை எடுத்தாகணும். இவங்க சர்க்கரைக்கும் வயசுக்கும் வேற எலும்பு வெச்சுக் கட்டறது இப்ப முடியாது. உயிருக்குப் பயமில்லை. ஆனா முகம் மாறிடும். பேச்சும் பழைய மாதிரி வரும்னு சொல்ல மாட்டேன்."

வரும் வழியெல்லாம் அம்மா ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "ஒரு போட்டோ எடுத்துரு."

பெரியவளுக்குத் தூக்கி வாரிப் போட்டது. இருக்கிற தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாலும் போட்டோவுக்கு நிற்காதவள் அம்மா. யாராவது போனைத் தூக்கினால் உள்ளங்கையை நீட்டி மறைத்துக்கொள்வாள். வீட்டில் இருக்கிற படங்களில் அம்மா என்றால் ஒரு கொண்டை, இல்லாவிட்டால் ஒரு கை. முகம் தெரிகிற மாதிரி இருந்தது ஹாஸ்டல் அடையாள அட்டை ஒன்றுதான். அதிலும் மூக்கின் மேல் சீல் குத்தியிருந்தார்கள்.

"எடுத்துரலாம்மா."

"ஒரு தடவைதான். சும்மா சும்மா அப்படித் திரும்பு, இப்படித் திரும்புன்னு உயிரை வாங்கக் கூடாது. நாளைக்கு நான் கண்ணாடியில பார்த்து, இது யாருடின்னு கேட்டா, எடுத்துக் காட்டறதுக்கு ஒண்ணு வேணும். அதுக்குத்தான்."

பெரியவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள். இந்த முகம் போகப் போகிறது. திட்டுகிறபோது ஒரு பக்கம் கோணுகிற அந்த உதடு, வெற்றியோடு முன்னால் நீட்டுகிற அந்தத் தாடை, எல்லாம் போகப் போகிறது. பிடித்து வைக்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. மறுநாள் காலையில் அட்மிஷன். போனில் எடுத்தால் போதாது என்று தோன்றியது. பெரிதாகப் போட்டுச் சுவரில் மாட்டினால் அம்மாவின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிய வேண்டும்.

ஆனால் கேமரா மேலே இருந்தது. மேல் வீட்டு மாதம். அந்தப் படியில் ஏறுவதைவிட முள்ளில் நடக்கலாம் என்றிருந்தது பெரியவளுக்கு. ஏறினாள்.

"சொல்லுங்க அக்கா," என்றாள் சின்னவள் கதவைப் பாதி திறந்து.

"கேமரா வேணும். இன்னிக்கு மட்டும். அம்மாவுக்கு."

சின்னவள் உள்ளே போய் எடுத்து வந்தாள். பெரியவள் பாட்டரியைப் பார்த்தாள். முழுசாக இருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இதில் என்ன உள்குத்தோ என்று நினைத்தாள்.

"நான் வேணா வந்து எடுத்துத் தரட்டுமாக்கா? எனக்கு இது கொஞ்சம் பழக்கம்."

"உன் பழக்கம்தான் தெரியுமே. வேணாம். அந்த மூஞ்சில உன் கண்ணு பட வேணாம்."

சின்னவளின் சிரிப்பு அப்படியே நின்றது. "உங்க இஷ்டம்க்கா," என்று கதவைச் சாத்தினாள்.

பின்னறை ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருந்தது. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். அம்மா வெளுத்துக் கஞ்சி போட்ட சேலை கட்டி, தலையை அழுந்த வாரி, பரீட்சைக்கு வந்த பெண் மாதிரி விறைத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எழுந்தாள்.

"தனியா எடுக்காதே. செத்தவங்க படம் மாதிரி இருக்கும். நீயும் வா, பின்னாடி நில்லு."

"உன் முகம் மட்டும் பெருசா வரட்டும்மா."

"நான் சொன்னா சொன்னதுதான். வர்றியா, சேலையை மாத்தட்டுமா?"

சைரனோடு வாதாட முடியுமா? பெரியவள் கேமராவைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, சாய்வில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். பின்னால் இருக்கிற பீரோவும் மருந்து டப்பாவும் தெரியக் கூடாது, எல்லாம் குழைந்துபோய் முகம் மட்டும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அதற்கான லென்ஸையும் அவளே மாட்டியிருந்தாள். அந்த லென்ஸில் ஒரு முழம் முன்னே பின்னே போனாலே கலங்கிவிடும். அதையும் அவளே குழுவில் படித்திருந்தாள். படித்து என்ன? அன்றைக்கு அவள் தலைக்குள் அம்மாவின் தாடையைத் தவிர வேறெதுவும் இல்லை.

"பெட்டி வருது," என்றான் கணவன், திரையில் முகத்தின்மேல் விழுகிற ஃபோகஸ் கட்டத்தைப் பார்த்து.

"பெட்டி வந்தா அழுத்துங்க."

அழுத்தினான். அம்மா முறைத்தாள், அழுத்தினான். அம்மா மருமகன் வயிற்றைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள், அழுத்தினான். அம்மா சிரித்ததே பெரிய விஷயம். பெரியவள் ஓடிவந்து கேமராவின் குட்டித் திரையில் பார்த்தாள். இரண்டு பேரும் லட்சணமாக இருந்தார்கள். உள்ளங்கை அளவுத் திரையில் எல்லாமே லட்சணமாகத்தான் இருக்கும்.

"போதும். முடிஞ்சுது," என்று அம்மா எழுந்து சேலையை மாற்றப் போய்விட்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்தது. நன்றாக முடிந்தது என்றுதான் டாக்டர் சொன்னார். கழுத்தில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், முகத்தில் பாதிக்குக் கட்டு. கட்டுக்குள் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. பேச முடியாத அம்மா போனில் ஒற்றை விரலால் தட்டிக் காட்டினாள். முதல் வார்த்தை 'தண்ணி.' இரண்டாவது, 'போட்டோ கொண்டா.'

பெரியவள் மறுநாள் கேமராவைக் கூரியர் ஆபீசுக்கு எடுத்துப்போய், அதன் கார்டைப் பெரிய திரையுள்ள கம்ப்யூட்டரில் போட்டாள். சுவரளவு பிரிண்ட் போடக் கொடுக்க வேண்டும். முதல் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள்.

அவளுடைய இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மேலுதட்டுப் பூனை முடி தெரிந்தது. காதோரம் நரைத்த இரண்டு முடி தெரிந்தது. அதற்கு முன்னால், கீழே, ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் யாரோ ஒரு வயதான பெண்மணி.

அடுத்த படம். அதுவும் அப்படித்தான். அம்மா சிரித்த படம். சிரிப்பு இருக்கிறது என்று வேண்டுமானால் யூகிக்கலாம். கடைசிவரை தள்ளினாள். ஒன்றில்கூட அம்மா இல்லை.

"மேடம், எடை போடலையா?" என்றார் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்.

"போங்க சார், நாளைக்கு வாங்க!" என்று கத்தினாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வழியெல்லாம் அவளுக்கு ஒரே பெயர்தான் மனதில் ஓடியது. முழு பாட்டரி கொடுத்தாளே, அப்போதே நினைத்தேன். 'நான் வந்து எடுக்கட்டுமா'ன்னு தேனா ஒழுகினாளே, அப்போதே நினைத்தேன். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தாள். அன்றைக்கு லீவு போட்டிருந்ததால் தம்பியும் இருந்தான். அவள் போட்ட சத்தத்தில் அவள் கணவனும் கீழிருந்து ஓடிவந்தான்.

"நீயெல்லாம் மனுஷியா? என்மேல இருக்கற கோபத்தை என்மேல காட்டு. ஒரு நோயாளிகிட்டயா காட்டுவே? எங்கம்மா முகத்தை அழிச்சிட்டியேடி! இனி எங்க போய் எடுப்பேன் நான் அந்த முகத்தை?"

"அண்ணி, கொஞ்சம் நிதானமா..." என்றான் தம்பி.

"நீங்க சும்மா இருங்க! உங்க பொண்டாட்டி தன் மூஞ்சியை உள்ள ஏத்தி வெச்சுக்கிட்டு ஊர்ல இருக்கறவங்க மூஞ்சியையெல்லாம் மங்கடிச்சுக்கிட்டிருக்கா, அது தெரியுமா உங்களுக்கு?"

 பெரியவள் மேசைமேல் வீசிய கேமராவைச் சின்னவள் எடுத்தாள். மெனுவைத் திறந்தாள். பக்கம் பக்கமாகத் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தி, திரையைப் பெரியவளின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"முதல்ல யாருன்னு பார்த்துச் சொல்லுங்கக்கா."

பெரியவள் பார்த்தாள். அவளே அவளை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ... நீதான் மாத்தி வெச்சிருப்பே."

"கூரியர் ஆபீஸ் சட்டை காலர் தெரியுதுக்கா. நான் எப்ப உங்க ஆபீசுக்கு வந்து உங்களைப் பிடிச்சேன்?"

 கணவன் மெல்லச் சொன்னான்: "பெட்டி உன் மூஞ்சிலதான் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெட்டின்னு நெனச்சேன்." அவனை அடித்தாலும் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அப்படியே சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். தான்தான். சின்னவளைக் கஞ்சியாக்கப் போட்ட திட்டத்தில் அம்மாவை அழித்தது தான்தான். கத்துவதற்கு ஒருத்தரும் மிச்சமில்லை.

சின்னவள் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் குரலில் தேன் வற்றிப்போயிருந்தது.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு. உங்கம்மா முகம். ரொம்பத் தெளிவா."

பெரியவள் நிமிர்ந்தாள்.

"கேட்டுகிட்ட நின்னு என்னைத் திட்டறப்ப, பால்கனியிலிருந்து ஜூம் பண்ணி எடுத்தேன். அவங்க என்னை எப்படிப் பேசறாங்கன்னு இவருக்குக் காட்டறதுக்கு. எங்கம்மாவையும் சேர்த்துத் திட்டினாங்களே, அன்னிக்கு. அழுதுகிட்டேதான் எடுத்தேன். அழிக்கணும்னு நெனச்சேன், அழிக்கலை. அடுத்த தடவை இவரு 'அவங்க பெரியவங்க, விடு'ன்னு சொன்னா காட்டறதுக்கு வெச்சிருக்கேன்."

"குடு," என்றாள் பெரியவள்.  "குடும்மா. உன் கால்ல வேணா விழறேன்."

"கால்லயெல்லாம் விழ வேணாம். நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து காட்டறேன். ஆனா அந்தப் படமெல்லாம் யாரால கெட்டுச்சுன்னு உங்க வாயால அவங்ககிட்ட சொல்லணும். என் முன்னாடி சொல்லணும். இல்லேன்னா இதுக்கும் என்னைத்தான் சபிப்பாங்க. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு எனக்கு."

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் பெரியவளும் கணவனும் சின்னவளும் வார்டுக்குப் போனார்கள். அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சின்னவளைப் பார்த்ததும் அவள் கண் சுருங்கியது. வாய் இருந்திருந்தால் வார்டே அதிர்ந்திருக்கும். சின்னவள் கேமராவை நீட்டினாள். அம்மாவின் முகம் மட்டும் திரை கொள்ளாமல் தெரிகிற மாதிரி பெரிதாக்கி வைத்திருந்தாள்.

அம்மா பார்த்தாள். வாய் அகலத் திறந்து, கீழ்வரிசைப் பல் எல்லாம் தெரிய, கழுத்து நரம்பு புடைக்க, தாடையை முன்னால் தள்ளி, கண்ணில் தீப்பொறி பறக்க அவள் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு சுருக்கம் தப்பவில்லை. படத்தில் தாடை இருந்த இடத்தில் விரலை வைத்தாள். அதே விரலைத் தன் கட்டின்மேல் வைத்தாள். கண்ணிலிருந்து நீர் இறங்கிக் கட்டுத்துணியில் ஊறியது. 

அம்மா போனை எடுத்துத் தட்டினாள். 'யார் எடுத்தது'

"இவதான்மா. சின்னவ."

அம்மா சின்னவளைப் பார்த்தாள். நன்றியும் இல்லை, பகையும் குறையவில்லை, ஆளை எடை போடுகிற பார்வை. மறுபடி தட்டினாள். 'நீ எடுத்தது எங்க'

 சின்னவள் கேமராவில் அந்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தாள். அம்மா கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள், தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். திரையிலிருந்த மகளின் முகத்தையும் எதிரே நின்ற மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தட்டினாள்.

'இதுல நான் எங்க'

"நீ முன்னாடி உக்காந்திருக்கேம்மா. மங்கிப்போச்சு."

'ஏன்'

சின்னவள் காத்திருந்தாள். கணவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஊர் உலகத்தில் எவனையும் கேள்வி கேட்கத் தயங்காத பெரியவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். 

"என்னாலதான்மா. இவமேல இருந்த காண்டுல என் மூஞ்சியை அதுல முதல்ல வெச்சிட்டேன். அது வெச்சவங்களைத்தான் பிடிக்கும். நான் பின்னாடி நின்னதால உன்னை விட்டுட்டு என்னைப் பிடிச்சுக்கிச்சு. இவ ஒண்ணும் பண்ணலை. நான்தான்."

அம்மா கோபித்துக்கொள்வாள், போனைத் தூக்கி எறிவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அப்படிச் செய்தால் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மா கையை மெதுவாகத் தூக்கி, கட்டின் ஓரத்தைச் சரிசெய்தாள். முன்னால் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். கேமராவை எடுத்துத் தன் மகளைத் தாண்டிச் சின்னவளிடம் நீட்டினாள்.

"என்னம்மா? என்ன வேணும்?" என்று பெரியவள் குனிந்தாள்.

அம்மா தட்டிய போனை அவளுக்கு நேராகத் திருப்பினாள். 'இருக்கறதையாவது ஒழுங்கா எடுக்கட்டும்'

சின்னவள் கேமராவைக் கண்ணில் வைத்தாள். பெரியவள் பழக்கதோஷத்தில் அம்மாவின் தலைமாட்டில் போய் நின்று கட்டிலில் கையை ஊன்றினாள். அம்மா தலையைத் திருப்ப முடியாமல், கையை மட்டும் பின்னால் வீசி அவளைப் போ என்றாள். அவள் ஒரு அடி நகர்ந்தாள். அம்மாவின் கை இன்னும் வீசிக்கொண்டே இருந்தது. அவள் சுவர்வரைக்கும் போனாள்.

"இன்னும் தள்ளுங்கக்கா," என்றாள் சின்னவள், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க கை விழுது."

பெரியவள் கையை இழுத்துக்கொண்டாள்.